துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால்: கள்ளவேட்டைத் தடுப்பில் கருவிகளும் மக்களும்

2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது தெரியவந்தது. வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்திருந்தார்கள். முந்தைய ஆண்டு வரை அங்கே புலிகள் இருப்பதாகவே அரசுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. காலடித் தடங்களைப் பார்த்து எண்ணும் பழைய முறையில் வந்த கணக்கு அது. புலிகள் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் சட்டம் இருந்தது, காவலர்கள் இருந்தார்கள், காப்பகம் என்ற பெயர்ப்பலகையும் இருந்தது. காட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற தகவல் மட்டும் வரவேண்டியவர்களுக்கு வரவில்லை. 2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்திலும் இதே துயரம் நடந்தது.

கள்ளவேட்டைத் தடுப்பில் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு வானில் பறக்கும் ட்ரோன்தான் நினைவுக்கு வருகிறது. மக்கள் பங்கேற்பு என்றால் பதாகை ஏந்திய பேரணி. என்னைக் கேட்டால் இரண்டும் ஓரத்து விஷயங்கள். எந்தக் கருவியானாலும், எந்தத் திட்டமானாலும், அதை எடைபோட ஒரு கேள்வி போதும்: விலங்கு சாவதற்கு முன்பே தகவல் வந்து சேருகிறதா, வந்தால் அந்த இடத்துக்கு ஓடிப்போக ஆள் இருக்கிறாரா? இந்தத் துறைக்குப் புதியவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

காவலர்கள் எதைத் தேடுகிறார்கள்?

வேட்டை என்றால் துப்பாக்கி என்று நினைக்கிறோம். பல காடுகளில் துப்பாக்கியைவிட அதிகமாகக் கொல்வது கண்ணி. மிதிவண்டியின் பிரேக் கம்பி போன்ற ஒன்றைச் சுருக்காக வளைத்து, விலங்குகள் நடந்து பழகிய தடத்தில் ஒரு செடியின் அடியில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வைத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம். மானுக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை சிக்கும், கரடி சிக்கும், யானைக்கன்றின் கால் சிக்கும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் காப்புக்காடுகளில் மட்டும் சுமார் 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. ட்ரோனோ செயற்கைக்கோளோ அவற்றைக் காணாது. யாராவது குனிந்து, இலைகளை விலக்கிப் பார்த்தால்தான் உண்டு.

இன்னும் வழிகள் இருக்கின்றன. மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த மின்சாரம், பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய், குளத்தில் கலக்கும் விஷம். விஷத்தின் கொடுமைக்கு ஒரு சம்பவம் போதும். 2019-இல் போட்ஸ்வானாவில், வேட்டைக்காரர்கள் கொன்ற மூன்று யானைகளின் உடலில் விஷம் தடவப்பட்டிருந்தது. அந்த இறைச்சியைத் தின்ற 537 பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்தன. கழுகுகள் வட்டமடித்தால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று காவலர்களுக்குத் தெரிந்துவிடும். காட்டின் மிகப் பழைய எச்சரிக்கை மணி அதுதான். ஆப்பிரிக்காவில் வேட்டைக் கும்பல்கள் அந்த மணியின் நாக்கை அறுப்பதற்காகவே பிணத்தில் விஷம் வைக்கின்றன.

தகவலை முடக்குவது வேட்டையாடுபவரின் முதல் வேலை என்றால், தகவலை மீட்பது காப்பவரின் முதல் வேலை. கருவிகள் வருவது இங்கேதான்.

தானாகப் படம் எடுக்கும் பெட்டி

இன்று உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் கருவி தானியங்கி கேமரா. மரத்தில் கட்டிய சிறு பெட்டி. எதிரே வெப்பமுள்ள உடல் ஏதாவது அசைந்தால் அகச்சிவப்பு உணரி அதை அறிந்து படம் எடுக்கச் செய்யும். எண்ணம் புதிதல்ல. அமெரிக்கரான ஜார்ஜ் ஷிராஸ், கம்பியில் விலங்கின் கால் பட்டதும் வெளிச்சம் மின்னிப் படம் பதிவாகும் ஏற்பாட்டைச் செய்தார். அவர் எடுத்த இரவுப் படங்கள் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் 1906-இலேயே வெளிவந்தன.

படம் எடுப்பது எப்படிப் பாதுகாப்பாகும்? புலியின் உடல் வரிகள் மனிதனின் கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறுபடும். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இந்த வேறுபாட்டைக் கொண்டு, கேமராப் படங்களிலிருந்து தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டு எண்ணும் முறையை நிலைநிறுத்தினார். அடையாளம் தெரிந்துவிட்டால் ஒரு புலி காணாமல் போனதும் தெரிந்துவிடும். ஏதோ ஓர் ஊரில் பிடிபட்ட தோல் எந்தக் காட்டுப் புலியுடையது என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லவும் முடியும். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651. அவற்றிலிருந்து குட்டிகள் நீங்கலாக 2,461 தனிப் புலிகள் அடையாளம் காணப்பட்டன. உலகின் மிகப் பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. சரிஸ்காவில் நடந்தது போல ஒரு காடே ஓசையில்லாமல் காலியாவது இன்று முன்னைவிடக் கடினம் என்றால், அதில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கேமரா படத்தை நினைவக அட்டையில் சேமிக்கிறது. காவலர் சில வாரம் கழித்து அட்டையை எடுக்கிறார். அதில் ஒருவர் துப்பாக்கியுடன் நடந்துபோவது தெரிந்தாலும், காரியம் முடிந்து நாளாகியிருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் செயற்கை நுண்ணறிவு பொருத்திய கேமராக்கள் வந்தன. டிரெயில்கார்டு என்ற கருவி படத்தைத் தனக்குள்ளேயே அலசுகிறது. இருப்பது மானா, மாடா, மனிதரா, வண்டியா என்று பார்த்து, தேவையான படத்தை மட்டும் அலைபேசி அல்லது செயற்கைக்கோள் வழியாக நிமிடத்துக்குள் காவலருக்கு அனுப்புகிறது. தான்சானியாவின் குருமேட்டி பகுதியில் நடந்த சோதனையில் இதன் உதவியால் 30 வேட்டைக்காரர்கள் பிடிபட்டார்கள். இந்தியாவில் கான்ஹா, பெஞ்ச் காப்பகங்களை இணைக்கும் புலிப் பாதையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். தேவையற்ற படங்களை வடிகட்டுவதுதான் இதன் உண்மையான பலன். காற்றில் கிளை அசைந்ததற்கெல்லாம் எச்சரிக்கை வந்தால், நான்காவது நாள் அந்த எச்சரிக்கையை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒலியிலும் இதே வேறுபாடு உண்டு. மத்திய ஆப்பிரிக்காவின் அடர்ந்த காடுகளில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் யானை ஒலித் திட்டம் மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, யானைகளின் குரலோடு துப்பாக்கிச் சத்தத்தையும் பதிவு செய்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கேட்கும் ஏற்பாடு என்பதால் அன்றைய வேட்டைக்காரரை அது பிடித்துத் தராது. எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் சுடுகிறார்கள் என்பது தெரியும். அதை வைத்து அடுத்த பருவத்தின் ரோந்தை மாற்றலாம். ரெயின்பாரஸ்ட் கனெக்‌ஷன் என்ற அமைப்பு வேறு வழியில் போனது. கழித்துப்போட்ட பழைய அலைபேசிகளைச் சூரியத் தகடுகளோடு மர உச்சியில் கட்டி, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் ஓசை கேட்டதும் எச்சரிக்கை அனுப்ப வைத்தது. 2013-இல் சுமத்ராவில் முதலில் சோதித்தார்கள். மரம் வெட்டுவதற்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மரம் வெட்டப் போட்ட பாதை வழியாகத்தான் பல இடங்களில் வேட்டைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

ட்ரோனைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த புல்வெளியில், இரவில், வெப்பப்படக் கேமராவோடு பறந்தால் பயன் உண்டு. மரக்கூரை அடர்ந்த காட்டில் அதற்குக் கண் தெரியாது, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். காசிரங்காவிலும் கார்பெட்டிலும் வைத்தது போல உயரமான கோபுரத்தில் நிலையாகப் பொருத்திய வெப்பப்படக் கேமராக்கள் பல இடங்களுக்கு இதைவிடப் பொருத்தம்.

வெறுமையாகத் தெரியும் வரைபடம்

நான் அதிகம் மதிக்கும் தொழில்நுட்பம் பார்வைக்கு மிகச் சாதாரணமானது: ரோந்து போகும் காவலரின் கையில் இருக்கும் அலைபேசிச் செயலி. நடந்த வழி ஜிபிஎஸ் மூலம் தானே பதிவாகும். வழியில் கண்ணி, அணைந்த அடுப்பு, தோட்டா உறை, புதிய காலடி எதைக் கண்டாலும் காவலர் அங்கேயே குறித்துவிடுவார். முகாமுக்குத் திரும்பியதும் எல்லாம் ஒரே வரைபடத்தில் சேரும். இந்தியப் புலிகள் காப்பகங்களில் 2010-இல் தொடங்கிய எம்-ஸ்ட்ரைப்ஸ் இப்படிப்பட்டது. உலகளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்களில் ஸ்மார்ட் என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1990-களில் தென்னாப்பிரிக்காவில் லூயி லீபன்பெர்க் உருவாக்கிய சைபர்டிராக்கர். எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் தடம் பார்த்து விலங்கின் கதையையே சொல்லிவிடக்கூடிய கலஹாரி வேடர்களின் அறிவைப் பதிவு செய்யத்தான் அவர் அதைச் செய்தார். திரையில் எழுத்துக்குப் பதில் படக்குறிகள் இருந்தன. விலங்கின் படத்தைத் தொட்டு, அது மேய்கிறதா, படுத்திருக்கிறதா என்ற படத்தைத் தொட்டால் போதும். படித்தவர்களின் கருவி, படிக்காத நிபுணர்களின் கைக்குப் போனது அப்போதுதான்.

இந்த வரைபடத்தை வாசிப்பதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பகுதியில் கண்ணிக்குறி எதுவுமே இல்லை என்றால் அங்கே வேட்டை இல்லை என்று பொருள் கொள்ளத் தோன்றும். அங்கே யாரும் போகவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். சாலையோரம் கண்ணிகள் குவிந்து தெரிவதற்கும், காவலர்கள் சாலையோரமே அதிகம் நடப்பது காரணமாக இருக்கலாம். ஆகவே கண்டெடுத்தவற்றின் எண்ணிக்கையை நடந்த தூரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நல்ல அதிகாரி வரைபடத்தில் முதலில் தேடுவது வெறுமையாகக் கிடக்கும் இடங்களைத்தான்.

அடுத்த படி, எங்கே கண்ணி இருக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது. கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயின் ஆய்வுக்குழு உருவாக்கிய பாஸ் என்ற மென்பொருள், பழைய ரோந்துப் பதிவுகளையும் நிலத்தின் அமைப்பையும் நீர்நிலை, சாலை, ஊர் ஆகியவற்றின் தொலைவையும் வைத்து ஆபத்தான இடங்களைக் கணிக்கிறது. உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவிலும் கம்போடியாவின் ஸ்ரேபோக் சரணாலயத்திலும் அது காட்டிய இடங்களில் காவலர்கள் தேடியபோது கண்ணிகள் கிடைத்தன. இதன் உள்ளே இருக்கும் கோட்பாடு ஆட்டக் கோட்பாடு. வேட்டையாடுபவரும் காவலரைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தோறும் வடக்குப் பக்கம் ரோந்து என்றால், வடக்கே கண்ணி வைக்கும் நாள் புதன்கிழமை. அதனால் ஆபத்து அதிகமான இடங்களுக்கு அதிகமாகவும், அதேசமயம் யூகிக்க முடியாத ஒழுங்கிலும் ரோந்தைப் பிரித்துக் கொடுக்க இந்த மென்பொருள் முயல்கிறது.

இறந்த பிறகும் சாட்சி

சில கருவிகள் விலங்கைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகே வேலை செய்கின்றன. அவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸர், ஆப்பிரிக்கா முழுவதும் யானைச் சாணத்தைச் சேகரித்து, எந்தப் பகுதி யானைக்கு எப்படிப்பட்ட டிஎன்ஏ என்ற வரைபடத்தை உருவாக்கினார். பிடிபட்ட தந்தத்தின் டிஎன்ஏவை அதோடு ஒப்பிட்டால், யானை எங்கே கொல்லப்பட்டது என்று சொல்லிவிடலாம். 28 பெரிய தந்தப் பறிமுதல்களை அலசி 2015-இல் அவர் குழு வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கண்டம் முழுக்கப் பரவலாக நடப்பதாக நினைத்த கொலைகளில் பெரும்பகுதி இரண்டே வட்டாரங்களிலிருந்து வந்திருந்தது: தான்சானியாவும் மொசாம்பிக்கும் சேர்ந்த பகுதி ஒன்று, காபோன், காங்கோ, கேமரூன் எல்லைகள் சந்திக்கும் காடு மற்றொன்று. பிறகு ஒரே யானையின் இரண்டு தந்தங்கள் வெவ்வேறு சரக்குகளில் போயிருப்பதை அதே குழு கண்டுபிடித்தது. தனித்தனி வழக்குகளாகத் தோன்றியவை, ஒரே கும்பலின் வேலை என்று இணைக்க அது உதவியது. காண்டாமிருகத்துக்கு இதே போன்ற டிஎன்ஏ பதிவேடு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது மட்டும் போதுமா?

2025-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவும் சுற்றியுள்ள காப்பகங்களுமாகப் பதினொன்றில், 2017 முதல் 2023 வரை 1,985 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டுகளில் அங்கே பாதுகாப்புக்குச் செலவான 7 கோடியே 40 லட்சம் டாலரில் பெரும்பகுதி காவலர்கள், மோப்ப நாய்கள், கேமராக்கள், விமானங்கள் என்று கண்டுபிடித்துக் கைது செய்யும் ஏற்பாடுகளுக்குப் போனது. சுமார் 700 பேர் கைதானார்கள். ஆனால் அந்த ஏற்பாடுகளால் வேட்டை குறைந்தது என்று காட்டப் புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை. எது குறைத்தது தெரியுமா? காண்டாமிருகத்தின் கொம்பை, மயக்கமருந்து கொடுத்து வலியில்லாமல், வேர் வரை போகாமல் வெட்டி எடுத்தது. மொத்தச் செலவில் 1.2 விழுக்காடுதான் அதற்கு ஆனது, வேட்டை 78 விழுக்காடு குறைந்தது.

கொம்பு மீண்டும் வளரும், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும், மிச்சமிருக்கும் அடிக்கட்டைக்காகவும் சிலர் கொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று ஆய்வாளர்களும் சொல்லவில்லை. கைதுகள் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு அவர்கள் சுட்டிய காரணங்கள்தான் கவனிக்க வேண்டியவை. உள்ளிருந்தே தகவல் கசிகிறது. வழக்குகள் நிற்பதில்லை. பிடிபட்டவர் வெளியே வந்துவிடுகிறார். காப்பகத்தின் வேலிக்கு வெளியே வறுமை இருக்கிறது, ஆகவே ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். எவ்வளவு நுட்பமான கேமராவாலும் இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சரிசெய்ய முடியாது. இனி வருவது மனிதர்களின் கதை.

காட்டோரத்து ஊர்கள்

நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கம். 2012 அக்டோபரில் அங்கே நடந்ததை உலகம் படங்களில் பார்த்து உறைந்தது. சைபீரியப் பக்கத்திலிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் அங்கே இறங்கி இளைப்பாறும். பாங்தி முதலான ஊர்களைச் சேர்ந்தவர்கள் மீன்வலைகளை மரங்களிடையே கட்டி, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்று விற்றார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு, 2013-இல், ஒரு வலையும் கட்டப்படவில்லை. இடையில் நடந்தது ஊராரோடு பேச்சு. கிராம சபைகள் கூடித் தடை விதித்தன, திருச்சபைகள் பேசின, பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பறவையின் பயணம் சொல்லிக் கொடுக்கப்பட்டது. வலை கட்டியவர்களின் வருமானம் என்னவாகும் என்ற கேள்வியும் பேசப்பட்டது. தொழில்நுட்பம் அதற்குப் பிறகே வந்தது. அந்த நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். அரபிக்கடலை இடைநில்லாமல் கடந்து ஆப்பிரிக்கா போன பறவைக்குத் தன் ஊரின் பெயர் இருந்தால், அதை வலையில் பிடிக்க யாருக்குக் கை வரும்? கருவி இங்கே காவல் காக்கவில்லை. பாசத்தை வளர்த்தது.

குஜராத்தில் திமிங்கலச் சுறாவின் கதை வேறு விதம். கல்லீரல் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்ட அந்தப் பெரிய மீனுக்கு 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு மீனவர்களே, வலையில் தற்செயலாகச் சிக்கும் சுறாவை, வலையை அறுத்து விடுவிக்கத் தொடங்கினார்கள். அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது. முதலில் வன அலுவலர் கடலுக்கு வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. அவர் வரும் வரை மீன் வலையிலேயே தவிக்கும், மீனவருக்கும் நாள் வீண். பிறகு மீனவர்களிடமே கேமராவைக் கொடுத்தார்கள். விடுவிப்பதைப் படமெடுத்துக் காட்டினால் போதும் என்று ஆனது. ஒரு சின்னக் கேமராவுக்கும், அவர்கள் சொல்வதை நம்புவது என்ற முடிவுக்கும் நூற்றுக்கணக்கான சுறாக்களின் உயிர் கடன்பட்டிருக்கிறது.

நேபாளத்தில் காப்பகங்களின் வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை சுற்றியுள்ள ஊர்களுக்கே போகிறது. காட்டோர இளைஞர்கள் தாங்களே வேட்டைத் தடுப்புக் குழுக்களை அமைத்து, யார் புதிதாக ஊருக்குள் வருகிறார், யார் கையில் திடீரென்று பணம் புரள்கிறது என்பதைக் கவனித்துச் சொல்கிறார்கள். 2013 பிப்ரவரி தொடங்கி ஒரு முழு ஆண்டு அந்த நாட்டில் காண்டாமிருகம், புலி, யானை எதுவும் வேட்டைக்குப் பலியாகவில்லை. 2009-இல் 121 ஆக இருந்த புலிகள் 2022-இல் 355 ஆயின. நமீபியாவில் 1980-களிலேயே ஊர்த் தலைவர்கள் தங்கள் ஆட்களையே விலங்குக் காவலர்களாக நியமித்தார்கள். 1996-இல் வந்த சட்டம் அந்த ஊர்களுக்கு வனவிலங்குகள் மீது உரிமையையும் வருமானத்தையும் கொடுத்தது. பெரியாறு காப்பகத்தில் ஒரு காலத்தில் மரப்பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். அங்கேயே வசந்தசேனை என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் குழுவாக ரோந்து போகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பலூலே காப்பகத்தில் 2013-இல் தொடங்கிய பிளாக் மாம்பாஸ் குழுவில் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள். கையில் ஆயுதம் கிடையாது. தினமும் வேலியோரம் நடந்து கண்ணிகளை எடுக்கிறார்கள்.

முன்னாள் வேட்டைக்காரருக்கு வேலை கொடுப்பதைக் குற்றத்துக்குப் பரிசு என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த ஓடையில் எந்த மாதம் கண்ணி வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை.

கேமரா மக்களையே பார்க்கும்போது

கார்பெட் புலிகள் காப்பகத்தில் கள ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் சொன்னது மனத்தை உறுத்துகிறது. விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் ட்ரோன்களும், விறகும் புல்லும் எடுக்க வரும் பெண்களைக் கண்காணிக்கவும் அச்சுறுத்தவும் பயன்பட்டிருக்கின்றன. இயற்கை உபாதைக்கு ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் ஊரில் பரப்பப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் பாடிக்கொண்டும் சத்தமாகப் பேசிக்கொண்டும் போவது அந்தப் பெண்களின் வழக்கம். யானையும் புலியும் விலகிப் போக அந்தச் சத்தம் உதவும். கேமராவுக்கு அஞ்சி அவர்கள் வாய் மூடினார்கள், தெரியாத இடங்களுக்குள் போனார்கள், ஆபத்து கூடியது. இப்படி அவமானப்பட்ட ஊரிலிருந்து வேட்டையைப் பற்றிய தகவல் ஒன்றுகூட வராது. கேமரா வைக்கும் இடத்தை ஊராருக்குச் சொல்வது, மனிதர் பதிவான படங்களை யார் பார்க்கலாம் என்று விதி வைப்பது, தேவையற்றவற்றை உடனே அழிப்பது ஆகியவை கேமரா வாங்கும் முன்பே முடிவாக வேண்டியவை.

வீட்டிலிருந்தே உதவுபவர்கள்

காட்டுக்கு அருகில் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவில் வைத்த 225 கேமராக்களின் படங்களை 2012 முதல் இணையத்தில் தன்னார்வலர்கள் பார்த்து, இது வரிக்குதிரை, இது சிங்கம் என்று குறித்தார்கள். பல்லாயிரம் பேரின் அந்த உழைப்பைக் கொண்டுதான் பிறகு கணினிக்கு விலங்குகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று காட்டில் மனிதரை மானிலிருந்து பிரித்தறியும் மென்பொருள்களின் பின்னால் இப்படிப்பட்ட பொறுமையான கண்கள் இருக்கின்றன.

இணையச் சந்தை இன்னொரு களம். நட்சத்திர ஆமை, கிளி, எறும்புத்தின்னியின் செதில் எல்லாம் சமூக ஊடகங்களில் மறைபெயர்களில் விற்கப்படுகின்றன. 2018-இல் பெரிய இணைய நிறுவனங்களும் வனவிலங்கு அமைப்புகளும் சேர்ந்து அமைத்த கூட்டணி, 2021-க்குள் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்களை நீக்கியதாகவோ தடுத்ததாகவோ அறிவித்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கண்டு சொன்னவையும் அவற்றில் அடக்கம்.

ஆனால் நல்ல நோக்கத்தோடு பகிரும் தகவலே வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகலாம். 2013-இல் இந்தியாவில் ஒரு புலியின் கழுத்துப்பட்டை அனுப்பும் இடத்தகவல் வரும் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைய முயன்றார்கள். முயற்சி தடுக்கப்பட்டது. சீனாவில் 1999-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு குகைப் பல்லி, இடம் அச்சில் வந்த பிறகு வணிகர்களால் அந்த இடத்திலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டது. 2015-இல் அதன் உறவினமான இரண்டு பல்லிகளை விவரித்த ஆய்வாளர்கள், அவை வாழும் இடத்தைக் கட்டுரையில் எழுதவே இல்லை. பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அரிய உயிரினங்களின் இடத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்துக்குள் மறைத்தே காட்டுகிறது.

ஆகவே அரிய விலங்கைக் கண்டு படம் எடுத்தால், இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் பகிருங்கள். பின்னணியில் மைல்கல்லோ பெயர்ப்பலகையோ தெரிகிறதா என்று பாருங்கள். கூட்டையும் குகையையும் பொதுவெளியில் காட்டவே வேண்டாம். வேட்டையோ விற்பனையோ கண்ணில் பட்டால் நேரில் கேட்கப் போகாதீர்கள். வாங்குவது போல நடித்துத் துப்பறியவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து, வழக்கும் கெட்டுப்போகும். நேரம், இடம், வண்டி எண், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே வனத்துறைக்கோ வனவிலங்குக் குற்றத் தடுப்பு அமைப்புக்கோ சொல்லுங்கள். இணைய விளம்பரமாக இருந்தால் திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) இணைப்பும் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். கோபத்தில் அதைப் பகிர்ந்தால் விற்பவருக்கு வாங்குபவர்கள்தான் கூடுவார்கள். கண்ணியில் சிக்கி உயிரோடிருக்கும் விலங்கை நீங்களே அவிழ்க்கப் போகாமல், கூட்டம் சேராதபடி பார்த்துக்கொண்டு, மருத்துவருடன் வரும் குழுவுக்காகத் தள்ளி நின்று காத்திருங்கள். செத்துக் கிடந்தால் எதையும் தொடாதீர்கள். அந்தக் கம்பியும் சுற்றியுள்ள காலடிகளும் வழக்குக்கு வேண்டியவை.